3000 வருஷத்து ஊசி: குதிரை அக்குபங்சரும் எங்கட தீவின் பேரில் ஒரு கதையும்

போன மாசம் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ வகுப்பில் காட்டின ஸ்லைட். ஒரு யானை, உடம்பு முழுக்கப் புள்ளிகள். கீழே ஒரு வசனம்: மிருகங்களுக்கு அக்குபங்சர் செய்வது பற்றிய மிகப் பழைய ஏடு இலங்கையில் கண்டெடுக்கப்பட்டது, அதன் வயது ஏறத்தாழ 3000 வருஷம். கூடவே அவளின் குரல் பதிவு: "எங்கட நாட்டிலதான் தொடங்கினதாமடா. நீ சரித்திரம் படிச்சனிதானே, உண்மையே?"

மச்சாள் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் இன்னமும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. அதுகளைப் பார்த்து வந்த ஆசைதான் அவளைக் கனடாவில் ஒரு குதிரை லாயத்து வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. இப்போது அவள் பராமரிக்கிற ஒரு வயதான குதிரை முன்னங்காலை நொண்டுகிறது. மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். லாயக்காரரோ, அந்தக் காசுக்கு நாலைந்து தடவை அக்குபங்சர் செய்விக்கலாமே என்று யோசிக்கிறார். அந்த ஊசிக்காரர் நடத்தின அறிமுக வகுப்பில் வந்ததுதான் அந்த யானை.

ஆகவே இது சும்மா ஊர்ப்பெருமைக் கேள்வி இல்லை. "3000 வருஷமாகச் செய்து வருகினம்" என்ற ஒரு வரியை நம்பி ஒருவர் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடப் பார்க்கிறார். அந்த வரி பிழை என்றால் அதன் விலையைக் கொடுக்கப்போவது குதிரை. எனவே கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன்.

ஏடு எங்கே?

இந்த இலங்கை ஏட்டுக் கதை அந்த ஸ்லைட்டில் மட்டும் இருப்பதில்லை. மேற்கு நாடுகளில் மிருக அக்குபங்சர் பற்றி எழுதின பல அறிமுகங்களில் முதலாவது பந்தியே இதுதான். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுக்கிறார், அவரிடமிருந்து இன்னொருவர். ஆனால் நான் பார்த்த எதிலும் அந்த ஏட்டுக்குப் பேர் இல்லை. என்ன மொழி, என்ன எழுத்து, எந்த விகாரையில் அல்லது எந்த நூதனசாலையில் இருக்கிறது என்ற விபரமும் இல்லை.

அதைவிட எளிமையான சிக்கல் ஒன்று இருக்கிறது. 3000 வருஷம் என்றால் கி.மு. 1000. இந்தத் தீவில் கிடைத்த மிகப் பழைய எழுத்து, அனுராதபுர அகழ்வில் வந்த பிராமி கீறிய பானை ஓட்டுத் துண்டுகள். அவற்றை மிக முன்தள்ளி வைக்கிற ஆய்வாளர்கள்கூட கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு அங்கால் போவதில்லை. எழுத்தே வராத காலத்தில் ஏடு எப்படி வரும்? போதாததுக்கு எங்கட வெக்கைக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூற்றாண்டு தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். அதனால்தான் பழைய நூல்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து வைத்தார்கள்.

அப்படியென்றால் அந்தப் புள்ளி வைத்த யானை முழுப் பொய்யா? இல்லை. யானைப் பாகர்களிடம் உண்மையாகவே அப்படி ஒரு அறிவு இருக்கிறது. யானையின் உடம்பில் எந்த இடத்தை அங்குசத்தால் தொட்டால் நிற்கும், எங்கே அழுத்தினால் முழந்தாளிடும், எங்கே குத்தினால் வெறி கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களைச் சிங்களத்தில் 'நில' என்பார்கள். எங்கட வர்மப் புள்ளிகளுக்கு ஒரு வகையில் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் அது யானையை அடக்குகிற கலை, நோய் மாற்றுகிற வைத்தியம் அல்ல. புள்ளிகள் போட்ட படத்தைக் கண்ட யாரோ அதை அக்குபங்சர் படம் என்று வாசித்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சீனக் குதிரை வைத்தியர் உண்மையில் என்ன செய்தார்?

சரி, இலங்கையை விடுவம். சீனாவிலாவது பழசுதானே?

பழசுதான், ஆனால் எது பழசு என்று பார்க்க வேணும். வழமையாகச் சொல்லப்படுகிற முதல் பேர் போ லே. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சின் நாட்டு மூ கோமகனிடம் இருந்தவர் என்பது மரபு. குதிரையைப் பார்த்த பார்வையிலேயே அதன் தரத்தைச் சொல்லிவிடுவாராம். இன்றைக்கும் சீன மொழியில் திறமைசாலிகளை இனங்காண்கிறவரைப் 'போ லே' என்றுதான் சொல்கிறார்கள். அவர் பேரில் ஒரு ஊசி நூலும் உண்டு. ஆனால் அது அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தி எழுதப்பட்டு, அவர் தலையில் கட்டப்பட்டது. அகத்தியர் பேரில் எத்தனை வைத்திய நூல்கள் இருக்கின்றன என்று தெரிந்த எங்களுக்கு இது புது விசயமில்லை.

நிச்சயமான சான்றுகள் தாங் வம்சக் காலத்திலிருந்து வருகின்றன. 7ஆம் நூற்றாண்டின் நடுவில் தாங் அரசின் மேய்ச்சல் நிலங்களில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்ததாக அரச பதிவு சொல்கிறது. குதிரை என்றால் படை, படை என்றால் அரசு. அதனால் குதிரை வைத்தியர் அரச உத்தியோகத்தர். அந்த மரபின் பெரிய தொகுப்பு 1608இல் வந்தது. யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய 'யுவான்ஹெங் லியாவ்மா ஜி'. குதிரையின் படம், அதில் பேர் போட்ட புள்ளிகள், நோய்க்குறிகள், மருந்துச் சரக்குகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

இங்கேதான் கதை மாறுகிறது. அந்தப் புள்ளிகளில் என்ன செய்தார்கள்? இன்று ஊசிக்காரர் வைத்திருக்கிற மயிர் போன்ற மெல்லிய ஊசியை நினைத்தால் பிழை. மெல்லிய ஊசியும் இருந்தது. ஆனால் பெரும்பாலான புள்ளிகளில் நடந்தது அகன்ற முனைக் கத்தியால் நாளத்தைத் திறந்து இரத்தம் எடுப்பது, அல்லது சுட்ட ஊசியால் குத்துவது, அல்லது காய்ச்சின இரும்பால் சூடு போடுவது. புள்ளிகள் கழுத்து நாளத்திலும், நெற்றிப்பொட்டிலும், குளம்புக்கு மேல் விளிம்பிலும் நிறைய இருப்பதற்குக் காரணம் அதுதான். நாளம் தோலுக்குக் கிட்ட ஓடுகிற இடங்கள் அவை.

சரியாக இதையேதான் உரோமரும் கிரேக்கரும் செய்தார்கள். 4ஆம் நூற்றாண்டு அப்சிர்ட்டஸ், அவருக்குப் பின்வந்த வெஜீஷியஸ் ஆகியோரின் குதிரை வைத்திய நூல்களிலும் இரத்தம் எடுத்தல், சூடு போடுதல், அதற்கான இடங்கள் எல்லாம் இருக்கின்றன. இங்கிலாந்தில் மார்கழி 26ஆம் திகதி குதிரைகளுக்கு இரத்தம் எடுப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. பட்டுப்பாதை வழியாக அறிவும் போய்வந்திருக்கும், உண்மை. அதோடு குதிரையின் நாளங்கள் சீனாவிலும் உரோமாபுரியிலும் ஒரே இடத்தில்தானே ஓடுகின்றன. சீனத்துப் பட்டியலை மட்டும் அக்குபங்சர் என்றும், உரோமத்துப் பட்டியலை மூடப்பழக்கம் என்றும் பிரிப்பதுக்குச் சரித்திரத்தில் நியாயம் இல்லை.

எங்கட பக்கம்

தெற்காசியாவிலும் குதிரை வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. சாலிஹோத்திரர் பேரில் வந்த அஸ்வ சாஸ்திரம் பாரசீகத்துக்கும் அரபுக்கும் மொழிபெயர்ந்து போனது. இலங்கையில், 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் படைவீரருக்கும் வைத்தியர்களை நியமித்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. அதே இடத்தில் ஒரு வேடிக்கையான கதையும் வருகிறது. புழு விழுந்த பாலைக் குடித்த ஒரு பிக்கு வயிற்றுவலியால் துடிக்கிறார். மன்னன் தன் குதிரையின் நாளத்தைத் திறந்து இரத்தம் எடுத்து, என்னவென்று சொல்லாமல் அவருக்குக் குடிக்கக் கொடுக்கிறான். குடித்து முடிந்த பிறகு, "அது குதிரை இரத்தம்" என்கிறான். அவ்வளவுதான், பிக்கு வாந்தியெடுக்க, புழுவும் வெளியே வந்துவிடுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, குதிரையின் நாளத்தைத் திறப்பது அக்காலத்து ஆட்களுக்குத் தெரிந்த வேலை என்பது மட்டும் தெளிவு. இதையும் ஒருவர் "புராதன இலங்கைக் குதிரை அக்குபங்சர்" என்று ஸ்லைட்டில் போடலாம். போடாதது எங்கட அதிர்ஷ்டம்.

ஆனால் நூலில் இருப்பது ஒன்று, லாயத்தில் நடப்பது வேறொன்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோபோலோ எழுதியதைப் பாருங்கள். ஓர்முஸ், ஏடன் பக்கத் துறைகளிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள், ஒரு அரசனே 2000க்கு மேல். ஆனால் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். பராமரிக்கத் தெரியாது, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், குதிரை வைத்தியர் இல்லை. வைத்தியர் வந்தால் குதிரை சாகாது, குதிரை சாகாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்கள் வைத்தியரை வரவிடுவதில்லை என்றும் எழுதுகிறார். பயணிகளின் கணக்கில் கொஞ்சம் உப்பும் புளியும் கூடத்தான் இருக்கும். இருந்தாலும் அரபுக் குதிரையை ஈரமான வெக்கை நாட்டில் பிழையான தீனி போட்டு வளர்த்தால் என்ன நடக்கும் என்று விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. சாஸ்திரம் எழுதின உபகண்டத்திலேயே அப்படிச் செத்தன.

1971இல் ஒரு குடல்வால்

அப்போ இன்றைய குதிரை அக்குபங்சர் எங்கே தொடங்குகிறது? அது ஏறக்குறைய எங்கட அம்மா அப்பாவின் வயது.

1971 ஆடியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போன இடத்தில் குடல்வால் அழற்சி வந்து அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டார். வழமையான விறைப்பு மருந்து போட்டுத்தான் வெட்டினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த வயிற்று உபாதைக்குத்தான் ஊசி குத்தினார்கள். அவர் அதை அப்படியே எழுதினார். ஆனால் கதை ஊர் சுற்றி வரும்போது "மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தி ஆபரேஷன்" ஆகிவிட்டது. அடுத்த வருஷம் நிக்சன் சீனா போனார். அமெரிக்காவில் அக்குபங்சர் அலை அடித்தது. மிருக வைத்தியர்கள் சிலரும் அதில் இறங்கினார்கள். 1974இல் சர்வதேச மிருக அக்குபங்சர் சங்கம் உருவானது.

அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் மனித உடம்புக்கான வரைபடம். அதிலுள்ள 'மெரிடியன்' என்கிற சக்திப் பாதைகளை அப்படியே குதிரையின் மேல் வரைந்தார்கள். சீனத்துப் பழைய குதிரை நூல்களில் புள்ளிகள் தனித்தனிப் பேரோடு நிற்கும், இந்தப் பாதைகள் அப்படி ஓடுவதில்லை. விளைவு கொஞ்சம் சிரிப்புத்தான். மனிதனில் பல பாதைகள் கைவிரல், கால்விரல் நுனிகளில் முடிகின்றன. குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு விரல்தான், அதன் நகம்தான் குளம்பு. அதனால் எல்லாப் பாதைகளையும் குளம்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, வரைபடத்தில் பித்தப்பைப் பாதை இருக்கும். குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது.

புதுசு என்பதால் மட்டும் ஒரு வைத்தியம் பிழையாகிவிடாது. எக்ஸ்ரேயும் ஒரு காலத்தில் புதுசுதான். ஆனால் புதுசுக்கு 3000 வருஷத் தாடி ஒட்டி விற்பது வேற விசயம்.

சூட்டுக்கோல் சொன்ன பாடம்

உண்மையாகவே பழசான ஒரு வைத்தியம் இருக்கிறது, அதைப் பார்ப்பம். சூடு போடுதல். எங்கட ஊரிலும் மாட்டுக்குக் குறி சுடுவது தெரியும்தானே, அடையாளத்துக்கும் சுடுவார்கள், நோய்க்கும் சுடுவார்கள். குதிரையின் கால் நரம்பு, அதாவது தசைநாண், அறுந்தாலோ வீங்கினாலோ காய்ச்சின இரும்பால் வரிவரியாகச் சுடுவது உரோமர் காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. தழும்பு காலை இறுக்கிப் பலப்படுத்தும் என்பது நம்பிக்கை. அனுபவமுள்ள மிருக வைத்தியர்கள் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார்கள். குதிரைகள் சுகமாகித் திரும்பவும் ஓடத்தான் செய்தன.

பிரித்தானியாவில் பிறிஸ்ரல் பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டது. சூடு போட்டதால் நாண் சீக்கிரம் ஆறவும் இல்லை, பலப்படவும் இல்லை. அப்போ குதிரை எப்படிச் சுகமானது? சுட்ட புண் ஆறும்வரை மாதக்கணக்காக அதுக்கு ஓய்வு கிடைத்தது. வேலை செய்தது ஓய்வு, பேர் வாங்கியது இரும்பு. 1991இல் மிருக வைத்தியர்களின் றோயல் கல்லூரி இந்த வழக்கம் நெறிக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டது. ஈராயிரம் வருஷ அனுபவம் ஒரு ஒழுங்கான சோதனைக்கு முன்னால் நிற்கவில்லை.

அதுவரை சுடுபட்ட குதிரைகளை நினைத்துப் பாருங்கள். அதுகளால் "எனக்கு இது உதவேல்ல" என்று சொல்ல முடியாது.

ஊசி வேலை செய்யுதா?

நியாயமாகப் பேச வேணும். ஊசி குத்தினால் உடம்பில் ஒன்றும் நடக்காது என்பதும் பிழை. 1976இல் ரொறன்ரோவில் புரூஸ் பொமரான்ஸ் குழு எலிகளில் ஊசி குத்தியபோது வலி குறைந்தது. எண்டோர்பினைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்ததும் அந்த விளைவு இல்லாமல் போனது. குதிரைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு தந்திரம், மேலுதட்டைக் கயிற்றில் மாட்டி முறுக்கிப் பிடிப்பது. முரண்டு பிடிக்கிற குதிரை அப்படியே அடங்கி நிற்கும். அப்போது அதன் இரத்தத்தில் எண்டோர்பின் கூடுகிறது என்று ஒல்லாந்து ஆய்வாளர்கள் 1984இல் காட்டினார்கள். உதட்டை முறுக்கினாலே வலி அடங்குகிற உடம்பில் ஊசிக்கும் ஏதோ பதில் இருக்கும். ஆனால் அதுக்கு மெரிடியனும் வேண்டாம், 3000 வருஷமும் வேண்டாம். சிறிது நேரம் வலி மங்குவதும் நோய் மாறுவதும் ஒன்றல்ல.

நோய் மாறுமா என்று பார்த்தால் கை விரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2006இல் வெளியான ஒரு மீளாய்வு, வளர்ப்பு மிருகங்களில் செய்த 31 கட்டுப்பாட்டு ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. எந்த நோய்க்கும் ஊசியைச் சிபாரிசு செய்யவோ நிராகரிக்கவோ போதிய சான்று இல்லை, சில இடங்களில் மேலும் ஆராயத்தக்க அறிகுறிகள் உண்டு என்பது அதன் முடிவு. நாட்பட்ட முதுகு வலிக்கு மின்சார ஊசி உதவியதாக 2005இல் ஒரு ஆய்வு வந்தது, 15 குதிரைகளில். மறுபக்கம், 2002இல் குதிரைகளுக்குச் செயற்கையாகக் குடல்வலி வரவைத்துச் சோதித்தபோது வயிற்றுவலிக்கென்று பேர்போன புள்ளி உதவவில்லை. குடல்வலி சின்ன விசயமில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, குடல் முறுகினால் மணித்தியாலக் கணக்கில் சாகும். அந்த நேரத்தில் ஊசிக்காரருக்குக் காத்திருப்பது ஆபத்து.

அப்போ, "என் கண்ணால பாத்தன், ஊசி போட்டாப் பிறகு நல்லா நடந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெர்லினில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் சோதித்தார். கேட்கிற ஆளுக்கு விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடம்பிலும் வருகிற மிக நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. சொந்தக்காரர் ஏமாற்றவில்லை, அவருக்கே அது தெரியாது.

குதிரை எங்களை அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற சீவன். ஊசிக்காரர் வருகிறார், லாயம் அமைதியாகிறது, சொந்தக்காரரின் பதற்றம் இறங்குகிறது, ஒரு மணித்தியாலம் தடவிக் கொடுக்கிறார்கள். குதிரையும் இளகி நிற்கும். காசு கொடுத்தவர் கண்ணுக்கு நொண்டல் குறைந்ததாகவே தெரியும். மிருகத்துக்கு மருந்துப் பெருமை தெரியாது, அதனால் ஏமாறாது என்று சொல்வார்கள். ஏமாறுவது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நாங்கள். அதனால்தான் எந்தக் குதிரைக்கு உண்மையில் ஊசி குத்தினது என்று தெரியாத ஒருவர் நொண்டலை அளக்க வேணும்.

2017இல் றோயல் கல்லூரி மாற்று வைத்தியங்கள் பற்றிச் சொன்ன நிலைப்பாடும் இதன் சாரம்தான். சான்றுள்ள சிகிச்சைக்குப் பதிலாகவோ, அதைத் தாமதப்படுத்தும் விதமாகவோ இவை வரக்கூடாது. பிறகு பக்கத்தில் வைத்துக்கொள்வது வேற கதை.

மச்சாளுக்கு எழுதினது

நான் எழுதி அனுப்பினது இவ்வளவுதான்: "யானை எங்கட யானைதான், புள்ளியும் இருக்கு. ஆனா அது பாகன்ர புள்ளி. ஏடு இல்லை. முதல்ல எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு. குளம்புக்குள்ள எலும்பு தேய்ஞ்சிருந்தா லாடத்தை மாத்தி, மருந்து குடுத்து, ஓய்வு குடுக்கலாம். அதெல்லாம் நடந்தாப் பிறகு காசு மிஞ்சினா ஊசியும் குத்தட்டும், நான் சண்டை பிடிக்கேல்ல. ஊசிக்காக எக்ஸ்ரேயை மட்டும் விடாத."

அவள் அதை லாயக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறாள். எக்ஸ்ரேக்கு நாள் குறித்தாயிற்றாம். பிறகு இன்னொரு குரல் பதிவு வந்தது. நெடுந்தீவில் வறட்சி நேரம் தண்ணியில்லாமல் குதிரைகள் விழுந்து கிடந்ததைச் சின்னனில் பார்த்தது ஞாபகம் வந்ததாம். "அதுகளுக்கு ஒரு தொட்டித் தண்ணி வைக்க ஆள் இல்ல, இஞ்ச ஊசி போடுறதோ விடுறதோ எண்டு யோசிக்கினம்" என்றாள். அதுக்கு நான் பதில் ஒன்றும் அனுப்பவில்லை.

கடைசியாக வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 3000 வருஷத்து ஏட்டை யாராவது கண்ணால் கண்டிருந்தால் சொல்லுங்கோ. எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறி வந்து பார்க்க நான் ரெடி.